மணம் தெரியாதவன் காய்ச்சிய பியர்

என் மூக்கு வேலையை விட்டு நின்றது ஒரு பெப்ரவரி மாதத்தில். காய்ச்சல் ஒன்று வந்து சில நாள் படுக்கவைத்துவிட்டுப் போனது. போகும்போது வீட்டிலிருந்த எல்லா மணங்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. எழுந்து உட்கார்ந்து குடித்த முதல் தேநீர் வெறும் சுடுதண்ணீராக இருந்தது. இஞ்சி போட மறந்துவிட்டாள் என்று மனைவியின் மேல் பாய்ந்தேன். அவள் அடுப்படிக்குப் போனாள். தட்டிய இஞ்சியைக் கொண்டுவந்து என் மூக்குக்குக் கீழே பிடித்தாள். நான் அதை வாங்கிக் கடித்தேன். நாக்கு எரிந்தது, கண் கலங்கியது, மணம் மட்டும் வரவில்லை.

வேறு தொழில் செய்பவனாக இருந்திருந்தால் சளி என்று சொல்லிவிட்டுத் திரிந்திருப்பேன். நான் சமையல்காரன். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் குடியிருக்கிறேன். அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சோஸ் அடுப்பு என்னுடையது. பாத்திரம் கழுவப் போனவன் அந்த அடுப்பை எட்டிப் பிடிப்பதற்குள் தலை பாதி நரைத்துவிட்டது. சோஸ் என்பது முக்கால்வாசி மணம். மூக்கு போன பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு நாக்கோடு நின்றுவிடுகின்றன. மற்றதெல்லாம் மூக்கின் வேலை. வெள்ளை வைனையும் வினாகிரியையும் என் கண்ணைக் கட்டிவிட்டு வாயில் விட்டால் புளிப்பின் கூடுதல் குறைவைத்தான் சொல்லியிருப்பேன்.

யாருக்கும் சொல்லவில்லை. வெங்காயம் வதங்கும் சத்தத்தைக் கேட்டு, வெண்ணெயின் நிறத்தைப் பார்த்து, கை பழகிய அளவில் ஒப்பேற்றினேன். அப்படியே போயிருக்கலாம். கோடை தொடங்கும்போது எங்கள் ஷெஃப் என்னைக் கூப்பிட்டு, ஓகஸ்ட் விடுமுறை முடிந்து திறக்கும்போது மெனு மாறுகிறது, சோஸ் எல்லாம் நீயே புதிதாக யோசித்துச் செய் என்றார். எத்தனையோ வருடம் நான் காத்திருந்த வார்த்தை அது. நன்றி சொல்லிவிட்டுக் குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். பழைய சோஸைக் கைப்பழக்கத்தில் செய்யலாம். புதிய சோஸை எந்தக் கைப்பழக்கத்தில் செய்வது? கடை திறப்பதற்குள் மூக்கு திரும்பாவிட்டால் நானே போய் உண்மையைச் சொல்லி, அடுப்பை இன்னொருவனிடம் கொடுக்கவேண்டும். இதில் வேறு வழி கிடையாது.

மூக்கு வைத்தியர் சின்னச் சின்னக் குப்பிகள் தந்திருந்தார். ரோஜா, எலுமிச்சை, கராம்பு, யூக்கலிப்டஸ். காலையும் மாலையும் முகர்ந்து, அந்த மணம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்கவேண்டும். மூளைக்கு வழி மறந்துவிட்டது, திரும்பத் திரும்பக் காட்டவேண்டும் என்றார். காட்டினேன். கொஞ்ச நாளில் அலுத்துவிட்டது. எனக்குப் பொறுமை குறைவு என்பது ஊரறிந்த விஷயம். குப்பிகளை மேசை லாச்சிக்குள் எறிந்துவிட்டு அதை உதைத்துச் சாத்தினேன்.

இந்த விஷயத்தை மனைவியைத் தவிர ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னேன். எங்கள் உணவகத்தில் பார் மேசையைப் பார்ப்பவன், வடக்குப் பிரான்சுக்காரன். ஓய்வு நாளில் வீட்டில் பியர் காய்ச்சுவது அவனுடைய பைத்தியம். கேட்டுவிட்டு அவன் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் ஒரு சின்னப் பொட்டலத்தைக் கொண்டுவந்து என் சட்டைப் பையில் திணித்தான். உள்ளே பச்சைப் பச்சையாக மருந்துக் குளிசை மாதிரி இருந்தது. ஹொப் என்றான். பியருக்குக் கசப்பும் மணமும் தருகிற பூவை உலர்த்தி அழுத்தியது. இதற்குத் திறக்காத மூக்கு எதற்கும் திறக்காது என்றான்.

வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தேன். காற்றுத்தான் வந்தது. ஆத்திரத்தோடு மேசையில் போட்டேன். மனைவி அப்போதுதான் வேலையால் வந்திருந்தாள். அவளுக்குப் பாரிஸை ஒட்டிய ஒபர்வில்லியேயில் ஹோட்டல் துணிகளைத் தோய்த்து மடிக்கும் இடத்தில் வேலை. தோள் பையைக் கூட இறக்காமல் பொட்டலத்தை எடுத்தாள். முகர்ந்தாள். தும்மினாள். திரும்பவும் முகர்ந்தாள்.

"இதென்னப்பா இது? தோடம்பழத் தோல் மணக்குது, ஒரேஞ் உரிச்ச கை மாதிரி."

"வேறை?"

"பொறுங்கோ." கண்ணை மூடினாள். "புல்லு வெட்டினாப் பிறகு வாற மணம். அதுக்குப் பின்னால மிளகு. இடிச்ச மிளகில்லை, முழு மிளகு."

நான் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். இந்த மனுஷியோடு இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருக்கிறேன். என் சமையலைச் சாப்பிட்டுவிட்டு "நல்லாயிருக்கு" என்பதற்கு மேல் ஒரு சொல் சொன்னவளில்லை. முழு மிளகுக்கும் இடித்த மிளகுக்கும் மணம் பிரிக்கிற மூக்கு ஒன்று பக்கத்திலேயே இருந்திருக்கிறது. நான் என்னுடைய மூக்கைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டு காலத்தைப் போக்கியிருக்கிறேன்.

பியர் காய்ச்சுவோம் என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. லாச்சிக் குப்பி நாலும் நாளைக்கும் அதே நாலுதான். பியர் ஒவ்வொரு நாளும் மாறுமாம். மாறுவதை அவள் முகர்ந்து சொல்லட்டும், நான் நினைத்துப் பார்க்கிறேன். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. ஒரு காலத்தில் சனிக்கிழமை வந்தால் என் கூட்டாளிமார் எல்லோரும் போத்தலும் கையுமாக எங்கள் வீட்டில்தான் இறங்குவார்கள். ஞாயிறு முழுக்க அவள் தரை துடைப்பாள். ஒருநாள் துடைப்பத்தை என் கையில் தந்துவிட்டுச் சட்டம் போட்டாள்.

"போத்தல் இந்த வாசல்படி தாண்டக் கூடாது எண்டு சொன்னனான்தானே?"

"போத்தல் இல்லையப்பா, வாளி."

"நல்ல கதை." பொட்டலத்தை இன்னொரு தடவை முகர்ந்தாள். "உங்கட மூக்குக்காக எண்டால் சரி. ஒருத்தரையும் கூப்பிடக் கூடாது."

பார் நண்பன் வெயில் காலத்துக்கு ஏற்றது ப்ளோண்ட் என்கிற பியர் வகை என்றான். வெளிறிய பொன்னிறம், வாயில் கனக்காத பதம், குறைந்த கசப்பு. குளிரவைத்துக் குடித்தால் தாகம் தீரும். அதோடு ஒரு எச்சரிக்கையும் தந்தான். கறுப்பு பியரில் எந்தப் பிழையையும் ஒளித்துவிடலாம், இதில் ஒளிக்க இடமே கிடையாது, அடியில் ஒரு துளி அழுக்கு இருந்தாலும் குடிக்கிறவனுக்குத் தெரியும் என்றான். மூக்கில்லாதவன் காய்ச்ச இதைவிடப் பொருத்தமில்லாத பியர் உலகத்தில் இருக்காது. எனக்கு வீம்பு வந்துவிட்டது. அதையே காய்ச்சுவது என்று நின்றேன்.

வீட்டில் இருந்த பெரிய பாத்திரம் ஆட்டிறைச்சிக் கறி காய்ச்சுகிற சட்டி. பளபளவென்று தேய்த்து அவள் முன்னால் வைத்தேன்.

"கறித்தூள்," என்றாள் தலையை உள்ளே விட்டு. "அடியில பெருஞ்சீரகமும் நிக்குது."

புளி போட்டுத் தேய்த்தேன். பெருஞ்சீரகம் போய்விட்டது, கறித்தூள் நிற்கிறது என்றாள். எலுமிச்சம்பழம் போட்டுக் கொதிக்கவைத்து ஊற்றினேன். நான் தேய்க்கத் தேய்க்க அவள் முகர்ந்து முகர்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் ஷெஃப் கூட என்னை இப்படி வேலை வாங்கியது கிடையாது. கடைசியில் "இப்ப வெறும் சட்டி மணக்குது" என்றாள். வெறும் சட்டிக்கு ஒரு மணம் உண்டு என்பதை அன்றைக்கு அறிந்தேன்.

என் ஓய்வு நாள் வெள்ளிக்கிழமை, அன்றைக்கு அவளும் நேரத்தோடு வந்துவிடுவாள். ஜூலையின் வெக்கை தொடங்கியிருந்தது. எங்கள் வீடு கடைசி மாடி, தலைக்கு மேலே தகரக் கூரை. முளைகட்டி உலர்த்தி உடைத்த பார்லியை, அவள் மெல்லிய திரைச்சீலையில் தைத்துத் தந்த பைக்குள் கொட்டி, கை வைக்க முடியாத ஆனால் கொதிக்காத சூட்டுத் தண்ணீரில் இறக்கினேன். சட்டியைக் கம்பளியால் சுற்றிவிட்டு ஒரு மணித்தியாலம் பொறுத்திருக்கவேண்டும். தொடங்கும்போது ஒரு கரண்டி எடுத்து நாக்கில் விட்டேன். மாத் தண்ணீர். பாதி நேரத்தில் எடுத்தேன். இனிப்பு எட்டிப் பார்த்தது. முடிவில் எடுத்தபோது நல்ல இனிப்பு, தேன் கரைத்தது போல. நான் சீனி போடவில்லை. யாரும் எதுவும் போடவில்லை. சும்மா சூட்டில் இருந்த தானியம் தன்னுடைய மாவைத் தானே சீனியாக்கிக்கொண்டது. வாழ்க்கை முழுக்க அடுப்படியில் நிற்கிறவன் நான். அந்தக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு முதல் முறை அடுப்படிக்கு வந்தவனைப் போல நின்றேன்.

"என்ன மணம்? சொல்லும்," என்றேன் மனைவியிடம்.

"மா வறுக்கேக்கை, கருக முதல், ஒரு மணம் வருமே. அதுதான். வீடு முழுக்க நிக்குது. உங்களுக்கு ஒண்டும்..." பேச்சை அப்படியே விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போனாள்.

பையைத் தூக்கிப் பிழிந்து, இனிப்புத் தண்ணீரைக் கொதிக்கவிட்டேன். ஹொப்பில் ஒரு பங்கைத் தொடக்கத்திலேயே போடவேண்டும், அது கசப்புக்கு. மற்றப் பங்கை இறக்குவதற்குச் சற்று முன்னால் போடவேண்டும், அது மணத்துக்கு. முதல் பங்கு எனக்கு, இரண்டாவது பங்கு அவளுக்கு என்று எண்ணிக்கொண்டு போட்டேன்.

பிழை அதற்குப் பிறகுதான் நடந்தது. கொதித்து இறக்கியதை விரைவாக ஆற்றவேண்டும். ஆற்றும்போது வெளிக்காற்று, தூசு எதுவும் படக்கூடாது. சட்டியைக் குளியலறையில் ஐஸ் தண்ணீருக்குள் வைத்தேன். இந்த வெக்கைக்கு ஐஸ் நிமிடத்தில் கரைந்தது. மூடி வைத்தால் எதுவும் ஆறாது என்பது சமையல்காரன் புத்தி. மூடியை எடுத்துவிட்டு, பக்கத்துத் தெருத் தமிழ் மீன்கடைக்கு ஐஸ் வாங்க ஓடினேன். கடைக்காரர் என் வியர்வையைப் பார்த்து "என்னண்ணை, வீட்டிலை விசேஷமோ?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

இரண்டு கையிலும் ஐஸ் பையோடு படியேறி வந்து கதவைத் திறந்தேன். ஜன்னல் வழியே விழுந்த வெயிலில் வெள்ளைப் புகை சுருள் சுருளாக நின்றது. வெள்ளிக்கிழமை மாலை. அவள் தலை முழுகி, விளக்கேற்றி, தணலில் சாம்பிராணி போட்டு, எல்லா வெள்ளிக்கிழமையும் செய்வது போல வீட்டின் மூலை முடுக்கெல்லாம் காட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். அடுப்படி, அலுமாரி, கதவுக்குப் பின்னால், எல்லாம் முடிந்து குளியலறை வாசலில் நிற்கிறாள். உள்ளே என் சட்டி வாயைத் திறந்துகொண்டு இருக்கிறது. புகை அதன் மேல் படிந்து இறங்குகிறது.

ஐஸ் பையைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத விருப்பமில்லை. அவளும் சும்மா விடவில்லை.

"வெள்ளிக்கிழமையை நான் மாத்தேலுமே? நீங்கள் வேறை நாளிலை காய்ச்சியிருக்கலாம். அதோடை, வாசலுக்கு வரேக்கையே மணத்திருக்குமே, அப்பவே சொல்லியிருந்தால்..."

சொல்லிவிட்டு நின்றாள். நானும் நின்றேன். படிக்கட்டிலேயே அந்த மணம் நிறைந்திருக்கும். கீழ் மாடிக்காரருக்குக் கூட இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்று தெரிந்திருக்கும். நான் அதற்குள்ளாலேயே நடந்து வந்திருக்கிறேன். புகையைக் கண்ணால் கண்டுதான் அறிந்தேன். கோபம் போன இடம் தெரியவில்லை. குளியலறைத் தரையில் உட்கார்ந்து ஐஸைத் தண்ணீரில் கொட்டினேன். அவள் தூபக்காலைச் சுவாமி அறையில் வைத்துவிட்டு வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பார் நண்பனுக்குத் தொலைபேசியில் சொன்னபோது மூச்சு முட்டச் சிரித்தான். பிறகு, கொட்டாதே, நொதிக்கவைக்கிற ஈஸ்டைப் போடு, அதற்குச் சாமி பேதம் தெரியாது என்றான்.

வாளியில் ஊற்றி, பழுப்புத் தூளாக இருந்த ஈஸ்டைத் தூவி, மூடியைச் சாத்தினேன். மூடியில் தண்ணீர் நிறைந்த ஒரு வளைந்த குழாய் உண்டு. உள்ளே இருக்கும் காற்று அதன் வழியாக வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது. அன்றைக்குச் சத்தமில்லை. காலையில் எழுந்து முகம் கழுவப் போனவன் அப்படியே நின்றேன். க்ளுக். கொஞ்ச நேரம் கழித்து, க்ளுக். பிறகு இடைவெளி குறைந்து, க்ளுக், க்ளுக் என்று வாளி பேசத் தொடங்கிவிட்டது. தேநீர்க் கரண்டியில் அள்ளிய தூசு. அதற்குள் உயிர் இருந்திருக்கிறது. அது விழித்து, பசித்து, தின்று, பெருகி, இப்போது மூச்சு விடுகிறது. நான் குந்தியிருந்து காதை மூடியில் வைத்தேன். உள்ளே நுரை பொரிகிற மெல்லிய இரைச்சல் கேட்டது. மூக்கு போன பிறகு உலகம் பாதி செத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு திரிந்தவன் நான். அந்த வாளிக்குள் இருந்த உயிர்களின் எண்ணிக்கை பாரிஸ் நகரத்தையே விழுங்கிவிடும். வேலைக்குப் பிந்திப் போனேன்.

வெக்கை ஏறிக்கொண்டே போனது. ஈஸ்டுக்கு வெக்கை ஆகாது, சூடு கூடினால் மணம் கெடும். வாளியை அகன்ற பேசினில் தண்ணீருக்குள் வைத்து, என்னுடைய கோயில் வேட்டியை நனைத்துச் சுற்றினேன். வேட்டி பேசின் தண்ணீரைத் தானே உறிஞ்சி மேலே ஏற்றியது. அதற்கு நேரே மின்விசிறியைப் போட்டேன். வீட்டில் ஒரே ஒரு விசிறிதான்.

"என்னை ஒரு நாள் இப்பிடிப் பார்த்திருக்கிறியளே?" என்று கேட்டாள் மனைவி, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு. கேட்டுவிட்டு வேட்டி காய்ந்திருந்த இடத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் தெளித்தாள்.

ஒவ்வொரு மாலையும் அவள் வேலையால் வந்ததும் பையைத் தோளில் போட்டபடியே குனிந்து குழாயின் வாயில் மூக்கை வைப்பாள். மதிய வேலைக்கும் இரவு வேலைக்கும் நடுவே ஓடிவந்து, நான் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன்.

"அவிச்ச முட்டை," என்றாள் ஒருநாள். "கூழ்முட்டை எண்டே சொல்லலாம். பழுதாப்போச்சு போல கிடக்கு."

நண்பனிடம் ஓடினேன். அது வழக்கம்தான், கையை வைக்காமல் விடு, தான் செய்த அழுக்கை ஈஸ்ட் தானே துடைக்கும் என்றான். நம்பவில்லை. ஆனால் சில நாளில் முட்டை போய்விட்டது என்றாள். அந்த இடத்தில் பச்சை அப்பிள் வந்திருந்தது. பிறகு அப்பிளும் மெலிந்து மெலிந்து, காலையில் கதவு திறக்கும்போது பாண் சுடுகிற ரொட்டிக் கடையிலிருந்து வருகிற மணம் வந்தது. ஒவ்வொன்றையும் அவள் சொல்ல, அது எப்படி இருந்தது என்று நான் தலைக்குள் தேடினேன். அப்பிளைத் தேட மட்டும்தான் முடிந்தது. பாணைத் தேடும்போது சில நேரம் ஒரு கணம் ஏதோ ஓரத்தில் நிற்பது போல இருக்கும், திரும்பிப் பார்த்தால் இருக்காது. வைத்தியரின் குப்பிகள் கேட்டதும் இதைத்தான். குப்பிகளிடம் நான் தோற்றேன். அவளுடைய குரலைக் கேட்டுக்கொண்டு தேடுவது எனக்கு அலுக்கவில்லை. பகல் முழுக்க மற்றவர்களின் துணியை மடித்துவிட்டு வருகிறவள், தன் அசதியை வாசலில் விட்டுவிட்டு, எனக்காக ஒரு பிளாஸ்டிக் குழாயை முகர்ந்துகொண்டு நிற்கிறாள். இதை நான் கொஞ்சமும் எதிர்பார்த்திருக்கவில்லை. நான் கொடுத்துவைத்தவன் என்று அவளுடைய முகத்துக்கு நேரே சொல்ல வாய் வராமல், "வடிவா மணந்து பாரும்" என்று அதட்டிக்கொண்டிருந்தேன்.

போத்தலில் அடைக்கும் நாள் வந்தது. கடைசியில் வாசல்படி தாண்டி வீடு நிறையப் போத்தல்தான். ஒவ்வொன்றிலும் துளி சீனி போட்டு மூடி அடித்தேன். உள்ளே மிச்சமிருந்த ஈஸ்ட் அதைத் தின்று காற்றுக் குமிழியைப் பிறப்பிக்கும். அவள் வரிசையைப் பார்த்து இடுப்பில் கை வைத்தாள். பிறகு சட்டத்தை விட்டுவிட்டுச் சிந்தியதைத் துடைத்தாள்.

ஓகஸ்டில் உணவகம் சாத்தியிருந்த நாட்களில், தெருவில் நாய் கூட நடமாடாத ஒரு மதிய வெயிலில் முதல் போத்தலைத் திறந்தேன். ஸ்ஸ் என்ற சத்தம் ஒரு நிமிடம் அறையைக் குளிரச் செய்தது. கண்ணாடிக் குவளையில் ஊற்றினேன். வைக்கோல் நிறம். அடியிலிருந்து நூல் நூலாகக் குமிழி எழுந்து மேலே வெள்ளை நுரையாகக் கட்டியது. குவளைக்கு அப்பால் இருந்த ஜன்னல் கம்பிகள் தெளிவாகத் தெரிந்தன. இது என் கை செய்தது என்று நம்ப முடியவில்லை. மூக்கைக் கிட்டக் கொண்டுபோனேன். கண்ணை மூடினேன். இத்தனை நாள் அவள் சொன்ன பாணையும் தோடம்பழத்தோலையும் ஒவ்வொன்றாக நினைத்து மூச்சை இழுத்தேன்.

ஒன்றும் இல்லை. குளிர்ந்த காற்று. குடித்தேன். நாக்கில் மெல்லிய கசப்பு, துளி இனிப்பு, குமிழியின் குத்தல். அவ்வளவுதான். குவளையை வைத்துவிட்டேன். உள்ளுக்குள் எங்கேயோ, திறக்கிற அன்றைக்கு மூக்கும் திறந்துவிடும் என்று நான் முடிவே கட்டியிருந்திருக்கிறேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மனைவி குவளையை எடுத்தாள். அவள் தன் வாழ்நாளில் பியரைத் தொட்டது கிடையாது. நீண்ட நேரம் முகர்ந்தாள். ஒரு மிடறு குடித்தாள். நுரை மேலுதட்டில் ஒட்டியிருந்தது, துடைக்கவில்லை.

"முதல்லை பாண்," என்றாள் மெதுவாக. "பிறகு தோடம்பழத் தோல், ஆனால் பொட்டலத்திலை இருந்த மாதிரி இல்லை, காய்ஞ்ச தோல். விழுங்கினாப் பிறகு புல்லு. அது போனாப் பிறகு..." சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "எல்லாத்துக்கும் பின்னாலை, தூரத்திலை, எங்கட சுவாமி அறை."

பேசிக்கொண்டே இன்னொரு மிடறு குடித்தாள். நான் அவளையே பார்த்தேன். நான் செய்த ஒன்று, எனக்குத் தெரியாத ஒன்று, முழுசாக அவளுக்குள் இருந்தது. எனக்கு அது திறக்கவில்லை என்பதற்காக அது இல்லாமல் போகவில்லை. அழுதுகொண்டே, இன்னும் சொல்லும் என்றேன். குவளை காலியாகும்வரை சொன்னாள். பின்னேரம் முழுக்க முகம் சிவந்து, காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நண்பனுக்கு ஒன்று கொடுத்தேன். குடித்துவிட்டுக் குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். பிழை ஒன்றும் இல்லையே என்று ஆச்சரியப்பட்டான். கடைசியில் வருகிற அந்தச் சாமிப் புகை என்ன மரத்துப் பிசின், எங்கே வாங்கலாம் என்று கேட்டான். வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான் கிடைக்கும் என்றேன்.

விடுமுறை முடிந்தது. மூக்கு திரும்பவில்லை. கடை திறக்கிற அன்று காலை, ஷெஃபிடம் சொல்லவேண்டிய வசனத்தைப் பிரெஞ்சில் அடுக்கி வைத்திருந்தேன். எனக்கு மணம் தெரிவதில்லை, அடுப்பை வேறு ஆளுக்குக் கொடுங்கள். மனைவி என் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துத் தந்தாள்.

"சொல்லிப்போட்டு நிமிர்ந்து நில்லுங்கோ," என்றாள். "களவெடுக்கேல்லைத்தானே."

படியிறங்கி, மேலே மெத்ரோ ஓடுகிற பாலத்துக்குக் கீழே நடந்தேன். மழை கண்டு பல நாள். வசனத்தை வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி ஒரு தூணைக் கடந்தபோது யாரோ முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நின்றேன். என்ன நடந்தது என்று விளங்கவில்லை. தலைச்சுற்றா என்று நினைத்தேன். இரண்டடி விலகினேன்; போய்விட்டது. திரும்பி வந்தேன், இருந்தது. தூணின் அடியில் ஈரம் காய்ந்த கறை. பழைய, புளித்த, வெயிலில் வெந்த மூத்திரம். மூச்சை இழுத்தேன். கண் எரிந்தது. இன்னும் இழுத்தேன். அதற்குள் உப்பு இருந்தது, அமோனியா இருந்தது, துருப்பிடித்த இரும்பு கூட இருந்தது. வசனம் தலையை விட்டுப் போய்விட்டது. தூணில் கையை ஊன்றிக்கொண்டு, நெஞ்சு வெடிக்கும் அளவுக்கு அந்த நாற்றத்தை உள்ளே இழுத்தேன். இதைவிட அழகான ஒன்றை நான் எந்தச் சட்டியிலும் கண்டதில்லை.

மனைவிக்குத் தொலைபேசி அடித்தேன்.

"மணக்குது," என்றேன்.

"என்ன மணக்குது?"

"மூத்திரம்! பாலத்துக்குக் கீழை. மூத்திரம் மணக்குதப்பா!"

"மெய்யே?" என்று கேட்டாள், குரல் உடைந்து.

"ஓம், மெய்தான்."

"அங்கையே நில்லுங்கோ. அசைய வேண்டாம். நான் வாறன்."

வீட்டுச் செருப்போடு, முடியைக் கூடக் கட்டாமல், வாகனங்களுக்குக் கையைக் காட்டிக்கொண்டு ஓடி வந்தாள். வேலைக்குப் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்களைச் சுற்றி விரைந்தார்கள். அவள் தூணுக்குப் பக்கத்தில் என்னோடு நின்றாள். மேல்மூச்சு வாங்கியது. கண்ணை மூடி, வாளியின் முன்னால் நிற்பது போலவே, நிதானமாக உள்ளே இழுத்தாள்.

"ஓம்," என்றாள். "சரியான நாத்தம்தான்."

பிறகு என் வெள்ளைச் சட்டையில் முகத்தை வைத்து அழுதாள்.